கடலூர்க் கருமணலும் நெய்வேலிப் பித்தளைக் கல்லும்: ஒரு கனிமத்தை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் கல் சேர்க்கிறான். மழைக்காலம் முடிந்ததும் கடலூர் சில்வர் பீச்சில் அள்ளிய கருப்பும் சிவப்பும் கலந்த மணல், கேப்பர் மலைச் சரிவில் பொறுக்கிய செம்பழுப்புக் கூழாங்கல், நெய்வேலியில் உறவினர் கொடுத்த பித்தளை நிறக் கட்டி என்று மூன்று பொருள்கள் அவனிடம் இருக்கின்றன. படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருகிறது. கனிமங்களை எதை வைத்து வகைப்படுத்துகிறார்கள், வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா, இவற்றுக்கு விலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். மற்றபடி நீங்கள் கேட்பது, வெறும் தோற்றத்தை வைத்து ஒரு கல்லுக்குப் பெயர் சொல்ல முடியுமா என்பதுதான். தோற்றத்தை மட்டும் வைத்து முடியாது. கையால் செய்யும் நாலைந்து சோதனைகளும், கல் எங்கே கிடைத்தது என்ற விவரமும் சேர்ந்தால் பெரும்பாலும் முடியும். நான் நிலவியல் படித்துக் கல்லூரியில் கனிமவியல் செய்முறை வகுப்பு எடுத்தவன். களப்பணியும் பெரும்பாலும் புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம்தான். ஆனாலும் உங்கள் கற்களை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதால், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

செயலி தடுமாறுவதற்குக் காரணம், அது பெரும்பாலும் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கிறது. கனிமத்தைப் பொறுத்தவரை நிறத்தைப் போல ஏமாற்றும் அடையாளம் வேறில்லை. நம்மூர் அரிக்கமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அகழாய்வில் கிடைத்த மணிகளில் சிவப்பு கார்னிலியன் உண்டு, ஊதா அமெதிஸ்ட் உண்டு, நிறமற்ற பளிங்கு உண்டு. மூன்றும் அடிப்படையில் ஒரே பொருள், குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. உள்ளே புகுந்த துளியளவு இரும்பும், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும்தான் நிறத்தை மாற்றுகின்றன. அதே அரிக்கமேட்டில் அதே நிறங்களில் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. கண்ணாடி கனிமமே இல்லை. மனிதன் உருக்கிச் செய்தது, உள்ளே அணுக்களுக்கு ஒழுங்கான அடுக்கும் கிடையாது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் இருந்தால் பூதக்கண்ணாடியில் காற்றுக் குமிழி தெரிகிறதா என்று பார்க்கலாம், குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும் என்பதை வைத்தும் பிரிக்கலாம். (அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே எதையும் பொறுக்க வேண்டாம் என்று பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.)

இயற்கையில் உருவான, திடமான, குறிப்பிட்ட வேதியியல் சேர்க்கையும் ஒழுங்கான அணு அமைப்பும் கொண்ட பொருளைத்தான் கனிமம் என்கிறோம். பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் 6000க்கும் மேற்பட்ட கனிமங்களை ஏற்றிருக்கிறது. இத்தனையையும் எப்படிப் பிரிப்பது? இரும்புக் கனிமங்கள், மக்னீசியக் கனிமங்கள் என்று உலோகத்தை வைத்துப் பிரிப்பதுதான் எளிது என்று தோன்றும். அது சரிப்படாது. ஹெமடைட், பைரைட், சிடரைட் மூன்றிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் கடினம், நிறம், பளபளப்பு, உருவாகும் இடம் எதிலும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. மாறாக, சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட், சேலத்து மேக்னசைட், இரும்புள்ள சிடரைட் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல படிகமாக வளர்ந்தால் மூன்றும் சாய்சதுரத் துண்டுகளாகவே உடையும். கடினம் மூன்றுக்கும் நாலுக்கும் அக்கம்பக்கம்தான். அமிலத்தில் மூன்றும் நுரைக்கும். கால்சைட் குளிர்ந்த அமிலத்திலேயே, மற்ற இரண்டும் சூடுபடுத்தினால். மூன்றுக்கும் பொது, கார்பனேட் என்ற பகுதி. அதனால் உலோகத்தை விட்டு, அதோடு சேர்ந்திருக்கும் எதிர்மின் பகுதியை வைத்துப் பிரிக்கலாம் என்று ஸ்வீடனின் பெர்சீலியஸ் 19ஆம் நூற்றாண்டில் சொன்னார். அமெரிக்காவின் ஜேம்ஸ் டுவைட் டானா அதைப் பெரிய முறையாக வளர்த்தார். தனிமங்கள், சல்ஃபைடுகள், ஆக்சைடுகள், ஹாலைடுகள், கார்பனேட்டுகள், சல்ஃபேட்டுகள், பாஸ்பேட்டுகள், சிலிக்கேட்டுகள் என்று இன்றும் பாடப்புத்தகத்தில் வரும் வரிசை அங்கிருந்து வந்ததுதான்.

சேர்க்கை மட்டும் தெரிந்தாலும் போதாது. கரையில் கிடக்கும் பல கிளிஞ்சல்களின் பொருள் அரகோனைட். சுண்ணாம்புக்கல்லின் பொருள் கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. 1912, 1913இல் எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் ஊடாகச் செலுத்தி உள் அமைப்பைப் படிக்க லாவேயும் பிராக் தந்தை மகனும் வழி கண்டுபிடித்த பிறகுதான் இதை நேராகப் பார்க்க முடிந்தது. அவர்கள் முதலில் பிரித்துப் படித்தவற்றில் ஒன்று சாதாரண உப்பு. மரக்காணம் உப்பளத்தில் சதுரம் சதுரமாகத் திரளுகிறதே, அதே பொருள். பின்னர் 1941இல் ஜெர்மனியின் ஹூகோ ஸ்ட்ரன்ஸ் வேதியியலையும் உள் அமைப்பையும் இணைத்து ஒரு பட்டியல் போட்டார். திருத்தங்களோடு அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆக, ஒரு கனிமத்தின் பெயர் என்பது சேர்க்கையும் அமைப்பும் சேர்ந்தது. வீட்டில் இரண்டையும் நேராக அளக்க முடியாது. அவற்றின் வெளி விளைவுகளைத்தான், அதாவது கடினம், உடையும் விதம், எடை, உரசினால் விழும் தூளின் நிறம் ஆகியவற்றைத்தான் சோதிக்கிறோம்.

6000 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் சுமார் 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிக்கான். அலுமினியம், இரும்பு, கால்சியம், சோடியம், பொட்டாசியம், மக்னீசியத்தையும் சேர்த்தால் 98 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதனால் மேலோட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கேட்டுகளே. ஃபெல்ட்ஸ்பார் மட்டுமே ஏறத்தாழப் பாதி. தெருவில் ஒரு கல்லை எடுத்தால் அது ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா, ஆம்ஃபிபோல், பைராக்சீன் ஆகியவற்றின் கலவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான் மாணவர்களைக் கேட்கும் முதல் கேள்வியும் அதனால்தான் "இது என்ன" என்று இருக்காது, "எங்கே எடுத்தாய்" என்றுதான் இருக்கும். இடம் தெரிந்தாலே பட்டியல் பத்துப் பெயருக்குள் வந்துவிடும்.

சோதனைகளைக் கற்றுக்கொள்ளக் கட்டட வேலைக்கு இறக்கிய ஜல்லிக் குவியலே போதும். வானூர்ப் பக்கத்துக் குவாரிகளில் உடைத்து வரும் கருங்கல் ஜல்லி பெரும்பாலும் சார்னோக்கைட் அல்லது நைஸ் வகைப் பாறை. புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சட்டென்று கண்ணாடித் துண்டு போல மின்னி மறையும் தட்டையான முகங்கள் ஃபெல்ட்ஸ்பார். ஏறக்குறைய செங்குத்தான இரண்டு திசைகளில் பிளவு, அதாவது தட்டையாக உடையும் தன்மை, உண்டு. எப்படித் திருப்பினாலும் தட்டை முகம் காட்டாமல், எண்ணெய் தடவியது போல மங்கலாக, குழிகுழியாக உடைந்திருப்பது குவார்ட்ஸ், ஊரில் வெங்கச்சங்கல் என்பார்கள். ஏடு ஏடாக உரிவது மைக்கா, அதாவது காக்காப்பொன். அப்புறம் கடினம். 1812இல் மோஸ் என்ற ஜெர்மானியர் போட்ட வரிசைதான் இன்றும்: 1 டால்க், 2 ஜிப்சம், 3 கால்சைட், 4 ஃபுளோரைட், 5 அபடைட், 6 ஆர்த்தோகிளேஸ், 7 குவார்ட்ஸ், 8 புஷ்பராகம், 9 குருந்தம், 10 வைரம். நகம் இரண்டரை, பேனாக்கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் ஏறக்குறைய ஐந்தரை. கத்தியால் கீற முடிகிறதா, கல் கண்ணாடியைக் கீறுகிறதா என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கீறல் போலத் தெரிவது சில நேரம் கத்தியின் இரும்பு கல்லில் ஒட்டிய கோடாக இருக்கும். விரலில் எச்சில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது கீறல் இல்லை.

இரண்டாவது, டைல்ஸின் பின்பக்கம். மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் பரப்பில் கல்லை அழுத்தி இழுத்தால் விழும் கோட்டின் நிறம், கல்லின் வெளி நிறத்தைவிடப் பல மடங்கு நம்பகமானது. மூன்றாவது அடர்த்தி. சமையலறை டிஜிட்டல் தராசில் முதலில் கல்லை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் கல்லின் கன அளவு. முதலில் எடுத்த எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 53 கிராம் கல் தண்ணீரில் 20 காட்டினால் 2.65, அது குவார்ட்ஸின் எண். கல் மிகச் சிறிதாக இருந்தால் வீட்டுத் தராசில் இந்தக் கணக்குச் சரியாக வராது. குறைந்தது ஒரு எலுமிச்சம்பழ அளவாவது வேண்டும்.

இனி உங்கள் கருமணல். மூன்றிலும் சுவையானது இதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை வேகம் கூடும்போது, லேசான குவார்ட்ஸ் மணலைக் கடல் இழுத்துச் சென்றுவிடும், கனமான மணிகள் மட்டும் அலையேறும் விளிம்பில் தங்கிவிடும். இந்த மணிகள் கடலில் பிறந்தவை இல்லை. உள்நாட்டுச் சார்னோக்கைட், நைஸ் பாறைகள் சிதைந்து தென்பெண்ணை, கெடிலம் போன்ற ஆறுகள் வழியே வந்தவை; கேப்பர் மலையின் மணற்கல்லிலிருந்து கழுவி வந்தவையும் இருக்கும்; கரையோர நீரோட்டம் வேறு இடங்களிலிருந்து நகர்த்தியவையும் சேரும். அந்தப் பாறைகளில் என்ன கனமான, எளிதில் சிதையாத கனிமங்கள் உண்டோ, அவைதான் இங்கே வரும். சிவப்பு மணிகள் கார்னெட் என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். கண்ணாடிப் பளபளப்பு, இளஞ்சிவப்பிலிருந்து ஒயின் சிவப்பு வரை நிறம், தட்டையான பிளவு முகம் இல்லாமை மூன்றும் தெரிந்தால் போதும்.

கருப்பில்தான் சிக்கல். மணலை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிக் காயவைத்து, காகிதத்தில் பரப்புங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் சாதாரணக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மேலே ஓட்டுங்கள். தாவி ஒட்டுவது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அதைத் தனியே எடுத்துவிட்டு, மீதியின் மேல் வலுவான நியோடிமியம் காந்தத்தை ஓட்டினால் சோம்பலாக ஒட்டுவது பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. கார்னெட்டும் இந்தக் காந்தத்துக்கு ஓரளவு அசையும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். இதற்கும் ஒட்டாத கரும்பச்சை மணிகளில் ஆம்ஃபிபோலும் பைராக்சீனும் கலந்திருக்கலாம். லென்ஸில் நீளவாக்கில் தட்டையான முகம் தெரிந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். இவை இரண்டையும் மணல் அளவில் கையால் பிரிக்க முடியாது. பிளவுக் கோணம் பைராக்சீனில் கிட்டத்தட்ட 90 பாகை, ஆம்ஃபிபோலில் 56, 124. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். ஒளி ஊடுருவும் மிகச் சிறிய நீள் மணிகள், வைரம் போல மின்னினால் சிர்கானாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் 440 கோடி ஆண்டுப் பழைய சிர்கான் மணிகள் கிடைத்திருக்கின்றன. பாறை அழிந்த பிறகும் இந்த மணி மிஞ்சி நிற்கும். தேன் நிற உருண்டை மணி இருந்தால் மோனசைட்டா என்று யோசிக்கலாம். அதில் தோரியம் உண்டு, லேசான கதிரியக்கமும் உண்டு. ஆனால் மோனசைட்டுக்குப் பெயர்போன கரைகள் மணவாளக்குறிச்சியும் கேரளத்துச் சவராவும்; ஒரு டப்பா கடலூர் மணலுக்காகக் கவலைப்பட வேண்டாம். அதை வீட்டுக்குள் அரைத்துத் தூசி கிளப்பாமல் இருந்தால் போதும், நுரையீரலுக்குச் சிலிக்காத் தூசி நல்லதில்லை.

காந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. துறைமுகம், படகுத்துறை, வெல்டிங் பட்டறை இருக்கும் இடங்களில் இரும்புத் துருவும் கிரைண்டிங் தூசியும் மணலில் கலந்து காந்தத்தில் ஒட்டும். லென்ஸில் துரு சீரற்ற செதிலாகத் தெரியும், மேக்னடைட் உருண்டு தேய்ந்த மணியாகத் தெரியும். இதே கதைதான் "விண்கல்" என்று சொல்லி எடுத்து வரும் கருப்புக் கட்டிகளிலும். உள்ளே குமிழிக் குழிகள் இருந்தால் அது பழைய உலையின் இரும்புக் கசடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேப்பர் மலைக் கூழாங்கல்லுக்குச் செயலி ஒரு முறை ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) என்றும் ஒரு முறை ஜாஸ்பர் (சிவப்புக் குவார்ட்ஸ் வகை) என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆரோவில் செம்மண் ஓடைகளில் தெரிவதும் கேப்பர் மலையில் தெரிவதும் கடலூர் மணற்கல் என்ற ஒரே படிவத் தொகுதி. அதன் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணலும் வெள்ளைக் களியும். செந்நிறம் என்பது மணிகளின் மேல் பூசியது போல ஒட்டிய இரும்பு ஆக்சைடு. கல்லை டைல்ஸில் இழுங்கள். செந்தவிட்டு நிறக் கோடு விழுந்தால் ஹெமடைட், மஞ்சள் தவிட்டு நிறம் என்றால் கோதைட் என்ற இன்னொரு இரும்புக் கனிமம், கோடே விழாமல் டைல்ஸ் கீறிக்கொண்டால் உள்ளே குவார்ட்ஸ். அடர்த்தியும் உதவும்: சுத்த ஹெமடைட் 5க்கு மேல் இருக்கும். உங்கள் கல் 2.6, 2.7 காட்டும் என்பது என் ஊகம். நுண்துளை உள்ள கல் என்றால் ஓரிரு மணி நேரம் ஊறவைத்து அளக்கவும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று கணக்கைக் கெடுக்கும். இதே படிவத்தில்தான் திருவக்கரைக் கல்மரங்களும் இருக்கின்றன. சொனேரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781இலேயே அவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது; பார்வைக்கு மரம், பொருளில் குவார்ட்ஸ் வகை. மகனைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், பொறுக்கிக்கொண்டு வர அனுமதி இல்லை.

நெய்வேலிக் கட்டி இரும்பு சல்ஃபைடாக இருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. சதுப்பில் மரம் மக்கும்போது ஆக்சிஜன் இல்லாத சூழலில் கந்தகமும் இரும்பும் சேர்ந்து இது உருவாகும், பழுப்பு நிலக்கரியோடு வருவது வழக்கம். (நிலக்கரி சட்டப்படி கனிமம், ஆனால் நிலையான சேர்க்கையும் படிக ஒழுங்கும் இல்லாததால் நான் மேலே சொன்ன பட்டியலில் அதற்கு இடமில்லை.) சோதனை எளிது. தங்கம் நசுங்கும், டைல்ஸில் மஞ்சள் கோடு போடும். இது சுத்தியலால் தட்டினால் தெறித்து உடையும், கந்தக நெடி வரும், கருப்புக் கோடு போடும், கண்ணாடியைக் கீறும். ஆனால் இது பைரைட்டா மார்கசைட்டா என்பதை நானும் கையில் வைத்துச் சொல்ல மாட்டேன். கால்சைட்டும் அரகோனைட்டும் போல இவையும் ஒரே சேர்க்கை, வேறு அமைப்பு. கன சதுரப் படிகம் தெளிவாகத் தெரிந்தால் பைரைட் என்று முடிவு கட்டலாம். உருண்டைக் கட்டியாக இருந்தால் ஆய்வகம்தான்.

ஆய்வகம் என்றால் எந்தக் கருவி என்பதும் முக்கியம், காசு கொடுத்துத் தவறான சோதனை செய்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி என்னென்ன தனிமம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். பைரைட்டும் மார்கசைட்டும் அதற்கு ஒன்றுதான். எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் கருவிதான் உள் அமைப்பைக் காட்டும். களிமண் வகைகளுக்கு அதுதான் முதன்மையான வழி. பாறை என்றால் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, முனைவாக்க நுண்ணோக்கியில் பார்ப்பதே பழைய, இன்றும் நல்ல முறை. கார்னெட் என்று சொன்னேனே, அது ஒரு குடும்பம். அல்மண்டினா பைரோப்பா என்று உள்ளே பிரிக்க மின்கதிர் நுண்பகுப்பு போன்ற சோதனை தேவை. ராமன் நிறமாலைக் கருவி கல்லை உடைக்காமலே பெயர் சொல்லிவிடும், நகைக்கல் சோதனையில் அதிகம் பயன்படுகிறது, 1928இல் சி. வி. ராமன் கண்டுபிடித்த விளைவுதான் அதற்கு அடிப்படை. பள்ளி மாணவனின் ஆர்வத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு கட்டியைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றால், பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறை இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களிடம் இருக்கும் மூன்றுக்கும் விலை இல்லை. தாது மணல் டன் கணக்கில் பிரித்தால்தான் பணம். அதை அள்ளி விற்கும் எண்ணமே வேண்டாம். தமிழக அரசு 2013இலேயே கடற்கரைத் தாது மணல் எடுப்பதற்குத் தடை போட்டது, மோனசைட் அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டில் வருகிறது. கரையில் கிடைக்கும் கார்னெட் மணிகள் நகைக்கு ஆகாத அளவில் சிறியவை. நெய்வேலிக் கட்டியை மட்டும் மற்ற கற்களோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம். மார்கசைட்டாக இருந்தால் நம்மூர் ஈரக்காற்றில் மெல்ல மெல்ல வெள்ளைத் தூளாக உதிரும், உதிரும்போது கந்தக அமிலம் கசிந்து பக்கத்தில் இருக்கும் கிளிஞ்சலையும் பெயர்ச்சீட்டையும் அரித்துவிடும். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, இறுக மூடும் தனி டப்பாவில் வையுங்கள். கிடைத்த இடத்தையும் தேதியையும் டப்பாவின் வெளிப்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.